ட்ரேயில் மிஞ்சும் பச்சை

அமெரிக்காவில் சீன பஃபே நடத்துகிறவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. பீஃப் ப்ரோக்கோலி ட்ரேயைக் கொண்டுவந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே இறைச்சித் துண்டுகள் காலியாகிவிடும். வருகிறவர்கள் இடுக்கியால் கிளறிப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காய் அப்படியே கிடக்கும். அதன் தலையிலேயே புதிதாக வதக்கியதைக் கொட்டி ட்ரேயை நிரப்பிவிட்டால் வேலை சுலபம். அடியில் இருப்பது பதினொரு மணிக்கு வந்தது, மேலே இருப்பது ஒரு மணிக்கு வந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ப்ரோக்கோலி காட்டிக்கொடுத்துவிடும். பளிச்சென்ற பச்சை மங்கி, பாசி பிடித்த மாதிரி ஒரு பழுப்புக்குப் போய்விடும். ‘புத்தம்புதிது, ஆரோக்கியமானது’ என்று வாசலில் எழுதி வைத்திருப்பதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு ட்ரேயை எட்டிப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

அந்த ட்ரேக்கு இந்தக் காய் வந்து சேர்ந்த வழி நீளமானது. அதில் சீனா மிகவும் தாமதமாகத்தான் வருகிறது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி எல்லாமே ஒரே தாவர இனம். பிராசிகா ஒலரேசியா என்பது அதன் அறிவியல் பெயர். இலையைப் பெருக்கி வளர்த்தால் கோஸ், தண்டை வீங்க வைத்தால் நூல்கோல், மொட்டைத் திரட்டினால் ப்ரோக்கோலி. இந்த மொட்டு வேலையைச் செய்து முடித்தவர்கள் இத்தாலியர்கள். அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் தன் தோட்டத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பயிரிட்டுப் பார்த்தார். ஆனால் ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. 1920களில், சிசிலித் தீவின் மெசினாவிலிருந்து குடியேறிய டி’அரிகோ சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ப்ரோக்கோலி பயிரிட்டு, பனிக்கட்டியில் பொதிந்து, ரயிலில் கண்டத்தைத் தாண்டி பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் அங்கிருந்த இத்தாலியர்கள்தான். மற்றவர்களையும் வாங்க வைக்க வானொலி விளம்பரம் வரைக்கும் போனார்கள். சகோதரர்களில் ஒருவருடைய சின்ன மகன் ஆண்ட்ரூவின் படத்தைப் போட்டு ‘ஆண்டி பாய்’ என்று பெயரும் வைத்தார்கள். காய்கறிக்குப் பிராண்டு பெயர் சூட்டுவது அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தப் பெயர் இன்றும் பெட்டிகளில் இருக்கிறது.

சீனர்களுக்குத் தெரிந்தது இதன் தாயாதி. காய்லான் என்று கன்டோனியர்கள் சொல்கிற அது, அதே இனத்தின் இன்னொரு கிளை. தடித்த தண்டு, அகன்ற இலை, உச்சியில் பேருக்கு நாலு மொட்டு. லேசான கசப்பு இருக்கும். கொதிநீரில் முக்கியெடுத்துச் சிப்பிச் சாறு ஊற்றித் தின்பார்கள். சிப்பிச் சாறும் குவாங்டோங் கடற்கரைச் சரக்குதான். 1888இல் லீ கம் ஷெங் என்ற சிற்றுண்டிக் கடைக்காரர் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவுக்கு முதலில் போன சீனர்களில் பெரும்பாலோர் அதே குவாங்டோங்கின் தாய்ஷான் வட்டாரத்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் சைனாடவுனுக்குள் இருக்கும் வரை அவர்களுக்குக் காய்லான் கிடைத்தது. ஒஹையோவிலோ கான்சாஸிலோ கடை போட்டால் எங்கே போவது? இத்தாலியர்களின் புண்ணியத்தில் ப்ரோக்கோலி எல்லா ஊர் மண்டிக்கும் வந்துவிட்டிருந்தது. வாணலி அதை ஏற்றுக்கொண்டது. காய்லானின் இடத்தில் ப்ரோக்கோலி உட்கார்ந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கசப்பு பிடிக்காது என்பதும் வசதியாகப் போயிற்று. பார்க்கப்போனால் நம் நாட்டில் நடந்ததும் இதேதான். மும்பையில் நெல்சன் வாங் 1970களில் கோழியில் செய்து காட்டிய மஞ்சூரியன் சைவக்காரர்களுக்காகக் காலிஃபிளவருக்குத் தாவி, கோபி மஞ்சூரியனாகத் தள்ளுவண்டிக்கு வந்தது. சீனச் சமையல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒலரேசியாவில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது.

பஃபே என்ற ஏற்பாடும் சீனர்களுடையது அல்ல. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன்காரர்கள் தங்கள் ஸ்மோர்கஸ்போர்டைக் காட்டினார்கள். 1940களில் லாஸ் வேகஸின் எல் ராஞ்சோ சூதாட்ட விடுதி, ஆட்டக்காரர்கள் பசிக்கு வெளியே போய்விடக் கூடாதென்று ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றது. உணவுக்கு மேலே சாய்வாக நிற்கிற கண்ணாடித் தடுப்புக்கு, ஜானி கார்னோ என்ற உணவகக்காரர் 1959இல் காப்புரிமை கேட்டார். மூக்கையும் வாயையும் உணவின் மேல் நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. உணவைச் சூடாக வைத்திருக்கும் ஸ்டீம் டேபிள், கண்ணாடி, ஒரே விலை எல்லாமே தயாராக இருந்தன. அதைத் தூக்கி நிறுத்த மலிவான உழைப்பு மட்டும்தான் பாக்கி.

அதைக் கொண்டுவந்தவர்கள் ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூஜோவைச் சுற்றிய ஊர்க்காரர்கள். 1980களிலும் 90களிலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பலர் ஆள்கடத்துபவர்களிடம் பெருங்கடன் பட்டு வந்தவர்கள். 1993 ஜூனில் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் தரைதட்டிய ‘கோல்டன் வென்ச்சர்’ கப்பலில் 286 பேர் இருந்தார்கள். பத்துப் பேர் இறந்துபோனார்கள். பிடிபடாமல் வந்து சேர்ந்தவர்களின் அடுத்த நிறுத்தம் மன்ஹாட்டனில் ஈஸ்ட் பிராட்வேயை ஒட்டிய வேலைவாய்ப்புக் கடைகள். சுவரில் சீட்டு ஒட்டியிருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது. தொலைபேசியின் பகுதி எண், நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் எத்தனை மணி நேரம், மாதச் சம்பளம் எவ்வளவு, அவ்வளவுதான். பொரிக்கும் சட்டிக்கு ஒருவர், வாணலிக்கு ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர் என்று பஸ் ஏறுவார்கள். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு. இன்று அமெரிக்காவில் சீன உணவகங்கள் 40,000க்கும் மேல் என்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் கணிசமான பகுதி இந்தச் சீட்டுகளின் மேல் நிற்கிறது.

இனி காய் வருகிற வழி.

அமெரிக்கா விளைவிக்கும் ப்ரோக்கோலியில் பத்தில் ஒன்பது பங்கு கலிஃபோர்னியாவினுடையது. அதில் சாலினாஸ் பள்ளத்தாக்குக்குத் தனி இடம் உண்டு. மான்டரே வளைகுடாவிலிருந்து காலையில் பனிமூட்டம் ஏறி வந்து, கோடையிலும் வயலைக் குளிர வைத்துவிடும். வெயில் கூடினால் மொட்டு ஒழுங்காகத் திரளாது. சீக்கிரம் பூத்தும் விடும். நாம் தின்பது பூக்காத மொட்டு என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் அங்கே விளைச்சல் குறையும்போது, அரிசோனாவின் யூமாவும் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கும் கைகொடுக்கும். அறுவடை கையால்தான். வயலில் மெல்ல நகரும் வண்டிக்குப் பின்னால் கத்தியோடு வரிசை வரிசையாக ஆட்கள் நடப்பார்கள். பெரும்பாலும் மெக்ஸிகோக்காரர்கள். குனிந்து, தலையைப் பிடித்து, ஒரே வெட்டு. எது பக்குவம், எதை இன்னும் இரண்டு நாள் விட வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்வது அவர்கள் கண். பஃபேக்குப் போகிற சரக்கில் தண்டைக் குறுக்கி வெட்டி, தலையை மட்டும் எடுப்பார்கள். 20 பவுண்ட், அதாவது சுமார் ஒன்பது கிலோ பெட்டி.

வெட்டிய பிறகுதான் உண்மையான ஓட்டம். ப்ரோக்கோலி வெட்டிய பின்னும் வேகமாக மூச்சுவிடுகிற காய். தன் சர்க்கரையைத் தானே எரித்து வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மெழுகு பூசிய பெட்டிக்குள் பனிக்கூழைப் பீய்ச்சி, காய்க்கு இடையில் உள்ள சந்தெல்லாம் நிரப்புகிறார்கள். பூஜ்ய டிகிரி செல்சியஸில் வைத்தால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். ஐந்து டிகிரியில் இரண்டு வாரம். பத்து டிகிரிக்குப் போனால் ஐந்தே நாள். கிழக்குக் கரைக்கு லாரியில் நான்கைந்து நாள் ஆகிறது. வழியில் ஒரு குளிர்பெட்டி மக்கர் செய்தாலும், ஆப்பிளோ கிர்ணிப்பழமோ பக்கத்தில் இருந்தாலும் போச்சு. அந்தப் பழங்கள் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் மொட்டுகள் மஞ்சளடித்துவிடும். பஃபேக்காரர் பின்வாசலில் பெட்டியை வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்கிற முதல் விஷயம் இதுதான். மஞ்சள் தெரிகிறதா, வெட்டு வாய் காய்ந்திருக்கிறதா, மோந்தால் கோஸ் அழுகிய நெடி அடிக்கிறதா. ‘ஃபிரெஷ்’ என்பதற்கு அவரளவில் உள்ள அர்த்தம் இதுவே. நேற்றுப் பறித்தது என்ற அர்த்தத்தில் அங்கே எதுவும் ஃபிரெஷ் கிடையாது. பறித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குளிர் விடாமல் வந்த ஒரு வாரக் காய், வெயிலில் கிடந்த ஒரு நாள் காயைவிட மேல்.

காலை ஒன்பதரைக்கு ஒரு பஃபே சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார்; எதிரே பெட்டி, மடிக்கு நேராகத் தொட்டி. தலையை இடது கையில் பிடித்து, கத்தி முனையைத் தண்டுக்குள் விட்டு ஒரு திருகு. பூக்கள் தனித்தனியாக உதிரும். மொட்டை வெட்டக் கூடாது, காம்பைத்தான் வெட்ட வேண்டும். மொட்டில் கத்தி பட்டால் தூளாகச் சிதறி எண்ணெயில் கருகும். எல்லாத் துண்டும் ஒரே அளவு இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். மிஞ்சுகிற தடித்த தண்டை அவர் எறிவதில்லை. தோலைச் சீவிவிட்டால் உள்ளே வெளிர்பச்சையாக, மொறுமொறுவென்று, காய்லான் தண்டின் ருசி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பின்மதியம் ஊழியர்கள் சாப்பாட்டுக்கு. மூன்று மணி வாக்கில் வாடிக்கையாளர் கூட்டம் குறைந்ததும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவது வெறும் சோறு, ஆவியில் வேகவைத்த மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, ஒரு சூப். வெளியே வரிசையாக வைத்திருக்கும் இனிப்புச் சாறு பூசிய பொரித்த கோழியை அவர்கள் தொடுவது அபூர்வம். ஆரோக்கியமான சீனச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த வட்ட மேசையைத்தான் கைகாட்ட வேண்டும்.

பூக்கள் கொதிநீரில் முப்பது, நாற்பது விநாடி இருந்துவிட்டு ஐஸ் தண்ணீருக்குப் போகும். அந்த முதல் நொடிகளில் பச்சை திடீரென்று கூடுவதைப் பார்க்கலாம். திசுக்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறுவதால் நிறம் தெளிகிறது. மாட்டிறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, சோளமாவும் சோயாவும் பிசறி வைத்திருப்பார்கள். ட்ரே தீர்ந்ததும் இறைச்சி எண்ணெயில் ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும். அப்புறம் பூண்டு, இஞ்சி, காய், சாறு, கடைசியில் மாவுக் கரைசல். இரண்டு நிமிட வேலை. ஜெட் விமானம் கிளம்புகிற மாதிரி இரைகிற அடுப்பின் முன்னால் நிற்பவருக்கு அந்த இரண்டு நிமிடம்தான் வாழ்க்கை.

சிக்கல் ஆரம்பிப்பது அதற்குப் பிறகு. அமெரிக்க உணவு விதிப்படி சூடாக வைக்கிற பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. கிருமிக்கு அது நல்ல பூட்டு. ப்ரோக்கோலிக்கு அது மெல்லக் கொல்லும் அடுப்பு. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் காயின் சொந்த அமிலம் கசிந்து, அந்த மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டுத் தன் ஹைட்ரஜனை அங்கே உட்கார வைத்துவிடும். நிறம் ஆலிவ் பழுப்பாகும். சோயாவிலும் சிப்பிச் சாற்றிலும் உள்ள லேசான அமிலமும் சேர்ந்து தள்ளும். வைட்டமின் சியும் மெல்லக் குறைந்துகொண்டே போகும். நல்ல கடைக்காரர் இதை நாலு அங்குல ஆழ ட்ரேயில் வைக்கவே மாட்டார். இரண்டரை அங்குல ட்ரேயில், அதுவும் பாதி அளவு ட்ரேயில், பதினைந்து இருபது நிமிடத்தில் தீர்கிற அளவு மட்டும் வைப்பார். தீராவிட்டால் மேலே கொட்டாமல் முழு ட்ரேயையும் மாற்றுவார். ஆரோக்கியமான பஃபேயின் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது இந்தச் சின்ன ட்ரேதான். ஆனால் சின்ன ட்ரே வைத்தால் வாணலிக்கு ஓர் ஆள் கூட வேண்டும். மதியம் முழுக்க அவர் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இதையே வதக்கிக்கொண்டிருப்பார். அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடிகிறதா என்பதில்தான் வாசல் பலகையின் மெய்யும் பொய்யும் இருக்கிறது.

இந்தக் காய்க்கு ஆரோக்கியப் பட்டம் எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1990இல் அமெரிக்க அதிபர் மூத்த புஷ், தனக்கு ப்ரோக்கோலி பிடிக்காது, அதிபரான பிறகும் அதைத் தின்னப் போவதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். கலிஃபோர்னிய விவசாயிகள் லாரியில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். காய்க்குக் கிடைத்த விளம்பரத்தில் இதைவிடப் பெரியது இருக்குமா தெரியவில்லை. இரண்டே வருடத்தில், 1992இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலலேயின் குழு, ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோரஃபேன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து, உடலின் நச்சுநீக்கும் நொதிகளை அது தூண்டுகிறது என்று காட்டியது. பத்திரிகைகள் அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்ற அளவுக்குக் கொண்டுபோய்விட்டன. அவ்வளவு தூரம் போவதற்கு ஆதாரம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், சல்ஃபோரஃபேன் காயில் தயாராக இருப்பதில்லை. காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. நன்றாக வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். ஸ்டீம் டேபிளில் ஒரு மணி நேரம் கிடந்த ப்ரோக்கோலியில் நார்ச்சத்து இருக்கும். சல்ஃபோரஃபேன் பெருமை பெரிதாக இருக்காது. கடுகிலும் அதே நொதி உண்டு. பச்சைத் தண்ணீரில் குழைத்த கடுகுப்பொடியை வெந்த ப்ரோக்கோலியோடு தின்றால் விட்டது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். நாம் கடுகைத் தாளித்துவிடுகிறோம், அதனால் நமக்கு அந்த லாபமும் இல்லை.

உப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,300க்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. ப்ரோக்கோலி தன் மொட்டுக் கொத்தில் சாற்றை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரக் காய். இறைச்சியைவிட அதில்தான் சாறு தங்கும். காயை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஆகவே நல்ல பிள்ளை என்று நினைக்கிறவர் தட்டில் உப்பு அதிகமாகவே இருக்கலாம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலி உணவகங்கள் பஃபேயிலும் கலோரி எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பம் நடத்துகிற ஒற்றைக் கடைகளுக்கு அது பொருந்தாது. அவர்களில் நேர்மையானவர்கள் சாற்றைப் பாதியாகக் குறைத்து, இஞ்சியையும் வெள்ளை மிளகையும் கூட்டிச் சமாளிக்கிறார்கள்.

இன்னும் நேர்மையான வழி கடையின் ஓர் ஓரத்தில் இருக்கும் மங்கோலியன் கிரில். மங்கோலியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; 1951இல் தைபேயில் வூ ஜாவ்நான் என்ற நகைச்சுவைக் கலைஞர் தொடங்கியது. பச்சைக் காய்களைக் கிண்ணத்தில் நீங்களே அள்ளிக் கொடுத்தால், வட்ட இரும்புத் தகட்டில் உங்கள் கண் முன்னாலேயே புரட்டிக் கொடுப்பார்கள். ட்ரே கிடையாது, காத்திருப்பு கிடையாது, சாறு எவ்வளவு என்பதும் உங்கள் கையில். அங்கே ப்ரோக்கோலி பச்சை நிறம் மாறாமல் தட்டுக்கு வரும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பஃபேக்கள் மூடப்பட்டபோது, பல முதலாளிகள் திரும்பவே இல்லை. சாலட் பஃபே நடத்திய சூப்பிளான்டேஷன் சங்கிலி அந்த மே மாதமே நிரந்தரமாக மூடிக்கொண்டது. திரும்பத் திறந்த சீனக் கடைகளில் சில, நீளமான ஸ்டீம் டேபிளைப் பாதியாகக் குறைத்து, இந்தத் தகட்டை நடுவுக்குக் கொண்டுவந்தன. எண்ணிக்கையில் ஐட்டம் குறைந்ததற்கு முணுமுணுத்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் முன்பே, 1990களில், யோகோஹாமாவின் சகாட்டா விதை நிறுவனம் ப்ரோக்கோலியையும் காய்லானையும் கலந்து புதுக் காய் ஒன்றை உருவாக்கியது. நீண்ட மெல்லிய தண்டு, உச்சியில் சின்ன மொட்டு. அமெரிக்காவில் ப்ரோக்கோலினி என்று விற்கிறது. தண்டை உரிக்க வேண்டாம், அப்படியே வாணலியில் போடலாம், ருசியும் தாயாதிகள் இரண்டுக்கும் நடுவில். சீன பஃபேயில் அதைத் தேடாதீர்கள். தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குகிற கடைக்கு அதன் விலை கட்டுப்படியாகாது.